கைநாட்டு வைக்கும் முன் கேட்க வேண்டியவை

(மடுல்சீமையில் நடந்த தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் தலைவிகள் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் ஆற்றிய உரை.)



சுகாதாரம் பற்றிப் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். சுகாதாரம் என்றால் தண்ணீர், மலசலகூடம், லயத்துக் கூரை, அடுப்புப் புகை என்று முடிவில்லாமல் போகும். அதையெல்லாம் விட்டுவிட்டு ஒப்பரேஷன் பற்றி மட்டும் பேசுகிறேன். அதிலும் கண் ஒப்பரேஷன். ஏன் கண் என்றால், நம் ஆட்களுக்கு வரும் சத்திரசிகிச்சைகளில் அதுதான் அதிக ஆபத்து இல்லாதது. ஆனால் நம் ஆட்கள் அதிகமாக மறுப்பதும் அதைத்தான். மதில் பிடித்துக்கொண்டு கக்கூசுக்குப் போகும் பாட்டிமார் எத்தனை பேர் நம் லயங்களில் இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். "வயசாயிருச்சு, இனி பார்த்து என்ன செய்யப் போறேன்" என்பார்கள். அது வெளியில் சொல்கிற காரணம். பக்கத்தில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தபடி கேட்டால் வேறு மூன்று காரணங்கள் வரும். கண்ணைத் தோண்டி வெளியே எடுத்துவிடுவார்கள் என்ற பயம். யார் கூட வருவது, கூட வருகிறவருக்குப் பேர் போய்விடுமே என்ற கவலை. மூன்றாவது, "படிக்கிற டொக்டர்மார் நம்ம கண்ணுலதான் படிப்பாங்களாம்" என்ற பேச்சு. மூன்றையும் எடுத்துக்கொள்வோம்.

முதலாவது பயத்துக்குக் காரணம் யாரும் விளக்கிச் சொல்லாததுதான். கண்ணில் "பூ விழுந்திருக்கு" என்று நாம் சொல்வதில் பெரும்பாலானது கண்புரை. கண்ணுக்கு மேலே தோல் எதுவும் வளரவில்லை. நம் கண்ணுக்குள்ளே பிறவியிலேயே கண்ணாடி மாதிரி ஒரு வில்லை இருக்கிறது. வயது போகப் போக அது மங்கி, பால் கலந்த தண்ணீர் மாதிரி ஆகிவிடுகிறது. சீனி வருத்தம் உள்ளவர்களுக்குச் சீக்கிரமே வரும். சொட்டு மருந்தால் அது போகாது. தேன் விடுவது, தாய்ப்பால் விடுவது, இலைச்சாறு விடுவது எதனாலும் போகாது, கண் புண்ணாவதுதான் மிச்சம். மங்கிய வில்லையை எடுத்துவிட்டு, செயற்கை வில்லை ஒன்றை அதே இடத்தில் வைப்பதுதான் வழி. கண்ணை யாரும் வெளியே எடுப்பதில்லை. கறுப்பு முழியின் ஓரத்தில் சின்ன வெட்டு, அவ்வளவுதான்.

இந்தச் செயற்கை வில்லைக்கு ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டியவர்களின் கண்ணுக்குள் விமானக் கண்ணாடித் துண்டுகள் பாய்ந்தன. அது உண்மையில் கண்ணாடி அல்ல, ஒருவகைப் பிளாஸ்டிக். உள்ளே தங்கிய துண்டுகளைக் கண் வெறுத்து ஒதுக்காமல் அமைதியாக இருந்ததை லண்டனில் ஹெரல்ட் ரிட்லி என்ற வைத்தியர் கவனித்தார். 1949 இல் அதே பொருளில் வில்லை செய்து ஒருவரின் கண்ணில் வைத்தார். அதற்கு முன்பெல்லாம் மங்கிய வில்லையை எடுத்துவிட்டு, போத்தல் அடிபோலத் தடித்த கண்ணாடி கொடுத்து அனுப்புவார்கள். நம் தாத்தாமார் சிலர் அப்படிக் கண்ணாடி போட்டிருந்தது உங்களில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

மேசையில் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தெரியாததுதான் பயம். பெரும்பாலும் முழு மயக்கம் கொடுப்பதில்லை. கண்ணைச் சுற்றி ஊசி போட்டோ சொட்டு மருந்து விட்டோ மரத்துப்போகச் செய்வார்கள். முகத்தில் துணி போர்த்தி, ஒரு கண்ணுக்கு மட்டும் துளை விட்டிருப்பார்கள். வெளிச்சம் தெரியும், தண்ணீர் ஓடுவது போல இருக்கும், பேசுவது கேட்கும். அரை மணித்தியாலத்துக்கு உள்ளேயே பெரும்பாலும் முடிந்துவிடும். அதுவரை அசையாமல் மல்லாந்து படுக்க வேண்டும். இருமல் உள்ளவர்கள், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சிறுநீர் அடைப்புக்கு மாத்திரை குடிக்கும் ஆண்களும் கட்டாயம் சொல்லுங்கள். அந்த மாத்திரைகளில் சில கண்ணின் பாப்பாவைத் தளரச் செய்யும். வைத்தியருக்கு முன்பே தெரிந்தால் அதற்குத் தக்கபடி ஆயத்தமாவார். வெட்கப்பட்டு மறைக்கிற விஷயம் அல்ல இது.

இரண்டாவது காரணம் செலவு. இங்கே ஆஸ்பத்திரியில் காசு கேட்பதில்லை என்பது உண்மை. ஆனால் மடுல்சீமையிலிருந்து பசறை போய் பதுளைக்குப் போவதற்கு பஸ் காசு, சாப்பாட்டுக் காசு, கூடப் போகும் மகளுக்கு இரண்டு மூன்று நாள் பேர் போவது, எல்லாம் சேர்ந்தால் "இலவசம்" என்ற சொல்லுக்கு அர்த்தம் மாறிவிடுகிறது. கிளினிக், பிறகு கண் அளவெடுக்க ஒரு நாள், ஒப்பரேஷன், மறுபடி காட்டப் போவது என்று எத்தனை தடவை? கொக்காகலையிலோ ரோபேரியிலோ மேல் டிவிஷனில் இருப்பவருக்கு பஸ் ரோட்டுக்கு இறங்கி வருவதே ஒரு பயணம்.

இது நமக்கு மட்டும் உள்ள கஷ்டம் அல்ல. நம் பாட்டன் பூட்டன் புறப்பட்டு வந்த அதே மதுரைச் சீமையில் இதை ஒருவர் கவனித்து, வழியும் கண்டுபிடித்தார். அவரைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும்.

டொக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. 1918 இல் எட்டயபுரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். உறவுக்காரப் பெண்கள் பிரசவ காலத்தில் இறந்ததைப் பார்த்து, பிள்ளைப்பேறு வைத்தியராக வேண்டும் என்று படித்தார். படித்து முடித்த சில வருடங்களில் முடக்குவாதம் வந்து கைவிரல்கள் கோணிப்போயின. பேனை பிடிக்கவே முடியாத நிலை. பிரசவம் பார்க்கிற தொழில் போய்விட்டது. அந்த மனிதர் கண் வைத்தியத்துக்கு மாறி, கோணிய விரலுக்கு ஏற்ற மாதிரி கருவிகளைச் செய்வித்து, கத்தி பிடிக்கப் பழகினார். தன் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கு மேல் கண் ஒப்பரேஷன் செய்தார். 58 வயதில் அரசாங்க வேலையில் ஓய்வு பெற்ற 1976 ஆம் ஆண்டில், மதுரையில் 11 கட்டில்களோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இன்று உலகத்தில் மிகக் கூடுதலான கண் ஒப்பரேஷன்கள் நடக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. காசு உள்ளவர் கொடுக்கிறார், இல்லாதவருக்கு இலவசம். 1992 இல் வில்லை செய்யும் தொழிற்சாலையையும் அவர்களே தொடங்கி, வெளிநாட்டிலிருந்து வந்த வில்லையின் விலையில் சிறு பங்குக்குச் செய்து காட்டினார்கள்.

எனக்கு இதில் பெரிதாகப்படுவது கட்டடமும் அல்ல, எண்ணிக்கையும் அல்ல. ஊர் ஊராக முகாம் வைத்து "இலவசம், வாருங்கள்" என்று கூப்பிட்டும் வேண்டியவர்கள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவர்கள் உட்கார்ந்து விசாரித்தார்கள். 1999 இல் வெளிவந்த ஒரு ஆய்வின்படி, தென்னிந்தியக் கிராமங்களில் கண்ணில் குறை உள்ளவர்களில் 100 க்கு 7 பேர்தான் முகாமுக்கு வந்திருந்தார்கள். வராதவர்கள் சொன்ன காரணங்களைக் கேட்டால் நம் லயத்தில் கேட்டது மாதிரியே இருக்கும்: பயம், காசு, கூட வர ஆள் இல்லை, வீட்டுப் பொறுப்பு. அதனால் நோயாளியை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், சாப்பாடு கொடுத்து, ஒப்பரேஷன் செய்து, மறுபடி ஊரில் கொண்டுவந்து விடும் முறை வந்தது. பஸ் காசும் சாப்பாடும் முழுதாகக் கொடுத்த ஊர்களில் கூடுதலான பேர் வந்தார்கள் என்பதையும் ஆய்வு செய்தே பார்த்தார்கள். நம் சங்கம் லொறி கேட்கும்போது கம்பனிக்காரர் முகம் சுளித்தால் இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் செய்தார்கள். கிராமத்துப் பெண்பிள்ளைகளைச் சேர்த்து, இரண்டு வருடம் பயிற்சி கொடுத்து, கண் சோதிப்பது, அளவெடுப்பது, தியேட்டரில் உதவுவது என்று பிரித்துக் கொடுத்தார்கள். அவர்களில் சிலருக்கு ஒரே வேலை, நோயாளியோடு பேசுவது. ஒப்பரேஷன் என்றால் என்ன, எந்தக் கண், எவ்வளவு நேரம், எவ்வளவு செலவு, வீட்டுக்குப் போய் என்ன செய்வது, எல்லாவற்றையும் பாட்டிக்குப் புரியும் பேச்சில், பாட்டியின் ஊர்ப் பேச்சில் சொல்வார்கள். டொக்டருக்கு நேரம் இல்லை என்று எல்லா ஆஸ்பத்திரியிலும் சொல்கிறார்கள், அது உண்மையும்கூட. விளக்கம் சொல்வதை ஒரு தொழிலாகவே எடுத்து அதற்கென்று ஆள் பழக்கினால் அந்தக் குறை தீரும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் அதைச் செய்கிறார்கள். ஓ.எல், ஏ.எல் முடித்துவிட்டு கொழும்புக் கடைகளுக்குப் போகிற நம் பிள்ளைகளால் முடியாதா?

இனி கையெழுத்துக்கு வருவோம். ஒப்பரேஷனுக்கு முன் ஒரு தாளில் ஒப்பம் கேட்பார்கள். அது "எனக்கு விளக்கினார்கள், விளங்கியது, சம்மதிக்கிறேன்" என்று சொல்லும் தாள். நம் ஆட்கள் பெருவிரலைக் காட்டுவார்கள், மை பூசும், தாள் போய்விடும். நான் வேலை செய்த காலத்தில் ஒரு அம்மாவிடம் கேட்டேன், என்ன ஒப்பரேஷன் உங்களுக்கு என்று. "அவங்களுக்குத் தெரியும்" என்றார். கைநாட்டு வைத்து முடித்த பிறகு.

நம் பெண்களுக்குத் தாளைக் கண்டால் பயம் வருவதற்கு வரலாறு இருக்கிறது. 1980 இல் தொடங்கி, கருத்தடை ஒப்பரேஷன் செய்துகொள்பவர்களுக்கு அரசாங்கம் காசு கொடுத்தது. எல்.ஆர்.டி என்று நாம் சொல்வது. விரும்பிச் செய்தவர்களும் உண்டு, அவர்களுக்கு அது உதவியும் செய்தது. ஆனால் நிரந்தரமானது என்று தெரியாமல் போனவர்களும், கட்டில் கிடைத்த பிறகுதான் என்னவென்று அறிந்தவர்களும் நம் லயங்களில் இருக்கிறார்கள். அவர்களின் மகள்மார் இன்று தாயைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகத் தயங்கினால் அதை மூடத்தனம் என்று நான் சொல்லமாட்டேன்.

சட்டம் என்ன சொல்கிறது? 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழி. அடுத்த ஆண்டு வந்த 16 ஆவது திருத்தம் அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை விவரித்துச் சொன்னது. 2007 இலிருந்து அரச சேவையில் சேர்பவர்கள் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கையும் இருக்கிறது. தாளில் உள்ள உரிமை வார்ட்டுக்குள் வர நேரம் எடுக்கிறது. அதற்காக அங்கே இருக்கும் தாதிமாரோடு சண்டை பிடிக்கச் சொல்லவில்லை. ஐம்பது நோயாளிக்கு இரண்டு தாதி நிற்கிற வார்ட்டில் நானும் நின்றிருக்கிறேன். சிங்களத் தாதிமாரில் எத்தனையோ பேர் நம் பாட்டிமாரைத் தங்கள் ஆச்சிபோலக் கவனிப்பதையும் பார்த்திருக்கிறேன். "ரிதெனவாத?" என்று அன்பாகத்தான் கேட்பார்கள். வலிக்கிறதா என்று கேட்கிறார்கள். நம் பாட்டி எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். வலிக்கிறது என்பதற்கும் அதே தலையாட்டு, வலிக்கவில்லை என்பதற்கும் அதே தலையாட்டு. இது மரியாதைக் குறைவு அல்ல, மொழிக் குறைவு. அந்த இடத்தில் மொழி தெரிந்த ஒருவர் நின்றால் போதும்.

மொழி இல்லாவிட்டால் மனக்கஷ்டம் மட்டும் அல்ல, ஆபத்தும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2008 இல் சத்திரசிகிச்சைக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொண்டுவந்தது. விமானம் கிளம்பும் முன் விமானி ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது போல, 19 விஷயங்கள். புதுடில்லி உட்பட எட்டு நகரங்களின் ஆஸ்பத்திரிகளில் அதைச் செய்து பார்த்து 2009 இல் முடிவை வெளியிட்டார்கள். பட்டியலுக்கு முன் ஒப்பரேஷன் செய்தவர்களில் 100 க்கு ஒன்றரைப் பேர் இறந்தார்கள், பிறகு அது 0.8 ஆனது. கோளாறுகள் 100 க்கு 11 ஆக இருந்தது 7 ஆகக் குறைந்தது. புதிய மெசின் எதுவும் வாங்கவில்லை. அந்தப் பட்டியலின் முதல் கேள்வியே நோயாளியிடம் கேட்பது: உங்கள் பெயர் என்ன, எந்த இடத்தில், என்ன ஒப்பரேஷன், சம்மதமா? நம் பக்கத்தில் ஒரே வார்ட்டில் மூன்று லெட்சுமி இருப்பார்கள், இரண்டு பேருக்கு அப்பா பெயரும் ராமசாமி. கிளினிக் கொப்பியில் பெயர் ஒருவிதம், அடையாள அட்டையில் வேறுவிதம். கேள்வி விளங்காமல் "ஓம்" என்று தலையாட்டினால் அந்தப் பட்டியல் இருந்தும் பயனில்லை. ஆகவே பெயரை முழுதாகச் சொல்லுங்கள், தோட்டத்தையும் டிவிஷனையும் சொல்லுங்கள், எந்தக் கண் என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள்.

மூன்றாவது காரணம், படிக்கிற டொக்டர். இதை மறைத்துப் பேசுவதில் எனக்கு விருப்பம் இல்லை. பெரிய ஆஸ்பத்திரிகளில் பயிற்சி வைத்தியர்கள் இருக்கிறார்கள், அவர்கள் ஒப்பரேஷனும் செய்கிறார்கள். படித்துப் பட்டம் பெற்று, ஒரு வருடம் உள்ளகப் பயிற்சி முடித்து, பிறகு கொழும்பிலுள்ள பட்டப்பின் படிப்பு மருத்துவ நிறுவனத்தின் பரீட்சை எழுதி, வருடக்கணக்காகப் பெரியவர் ஒருவரின் கீழ் வேலை செய்து, வெளிநாட்டிலும் கொஞ்சக் காலம் இருந்துவிட்டுத்தான் ஒருவர் நிபுணர் ஆகிறார். நாம் "பெரிய டொக்டர்" என்று கும்பிடுகிறவரும் ஒருநாள் முதல் கண்ணைத் தொட்டவர்தான். புதுப் பிள்ளைக்குக் கொழுந்து பறிக்கப் பழக்கும்போது முதல் நாளே தனியாக நிரை கொடுப்போமா? பக்கத்தில் நிறுத்தி, இரண்டு இலையும் மொட்டும் காட்டி, முற்றல் விழுந்தால் கூடையிலிருந்து எடுத்துக் காட்டுவோம். அங்கும் அப்படித்தான். இந்தியாவில் முதலில் ஆட்டுக் கண்ணை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துத் தைக்கப் பழக்குகிறார்கள். பிறகு ஒப்பரேஷனின் ஒரு படியை மட்டும் கொடுப்பார்கள், பெரியவர் பக்கத்திலேயே இருப்பார். அது கைவந்தால் அடுத்த படி. கை தடுமாறினால் பெரியவர் வாங்கிக்கொள்வார்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது "யார் படிக்கிறவர்?" என்பதை அல்ல. "பக்கத்தில் யார் நிற்பார்?" என்று கேளுங்கள். பயிற்சி வைத்தியர் கை வைப்பதாக இருந்தால் அதையும் சொல்லச் சொல்லிக் கேட்கலாம், கேட்பதற்காக யாரும் உங்களைத் துரத்தமாட்டார்கள். உலகம் முழுவதும் வைத்தியர்கள் தொழில் பழகுவது பெரும்பாலும் ஏழைகள் வரும் ஆஸ்பத்திரியில்தான். அந்தக் கடன் அவர்களுக்கு நம்மேல் இருக்கிறது. அதைத் தீர்க்க அவர்கள் பணம் தரத் தேவையில்லை. கத்தி பிடிக்கப் பழகுகிற வருடங்களிலேயே "அம்மா, இப்போ ஊசி போடப் போறேன், கொஞ்சம் எரியும்" என்று தமிழில் சொல்லவும் பழகட்டும். சத்திரசிகிச்சைப் பயிற்சியில் அதையும் ஒரு பாடமாக வைக்கச் சொல்லிச் சங்கம் மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்கு எழுத வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இங்கிலாந்தில் கண் ஒப்பரேஷன் நடக்கும்போது ஒருவர் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது வழக்கம். வேறு வேலை இல்லை. முகத்தை மூடியிருப்பதால் நோயாளியால் பேச முடியாது, தலையையும் ஆட்டக்கூடாது. ஏதும் கஷ்டம் என்றால் கையை அழுத்துவார். உடனே நிறுத்திக் கேட்பார்கள். இதற்கு மொழிகூடத் தேவையில்லை.

கண்ணைப் பற்றிப் பேசும்போது அசாம் தேயிலைத் தோட்டத்துச் செய்தி ஒன்றையும் சொல்லாமல் போகக்கூடாது. அங்கே 40 வயதுக்கு மேற்பட்ட தொழிலாளர்களைச் சோதித்து, கிட்டப் பார்வை குறைந்த 751 பேரில் பாதிப் பேருக்கு உடனே கண்ணாடி கொடுத்தார்கள், மீதிப் பேருக்கு ஆய்வு முடிந்த பிறகு. 2018 இல் முடிவு வந்தது. கண்ணாடி போட்டவர்கள் மற்றவர்களைவிட 100 க்கு 20 க்கு மேல் கூடுதலாகக் கொழுந்து எடுத்திருந்தார்கள். நாற்பது வயதுக்கு மேல் கிலோ குறைந்தால் சோம்பேறித்தனம் என்று ஏசும் கங்காணிமாருக்கு இதைச் சொல்லலாம். கம்பனிக்குச் சொல்லும்போது மட்டும் கவனம். கண்ணாடியைக் கொடுத்துவிட்டு நாள் கிலோவைக் கூட்டிவிடுவார்கள்.

இப்போது வேலைக்கு வருவோம். ஒவ்வொரு டிவிஷனிலும் மாதர் தலைவி ஒருவர், லயம் லயமாகப் போய் கண் தெரியாத பெரியவர்களின் பெயரை எழுதட்டும். வாசலில் நிறுத்தி விரலை எண்ணச் சொன்னாலே பாதி தெரிந்துவிடும். ஏற்கெனவே ஒப்பரேஷன் செய்து பார்வை வந்தவர் யாரும் டிவிஷனில் இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நான் ஒரு மணித்தியாலம் பேசுவதைவிட அவர் வாசலில் வந்து நின்று "எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு" என்று சொன்னால் பாட்டி நம்புவார். பிறகு, சிங்களமும் தமிழும் நன்றாகப் பேசும் பிள்ளைகள் இரண்டு பேரைத் தெரிவு செய்யுங்கள். நான் சம்பளம் வாங்காமல் பழக்கித் தருகிறேன். கிளினிக் நாளில் அவர்கள் நோயாளியோடு பதுளைக்குப் போவார்கள், அவர்களின் பஸ் காசையும் அன்றைய பேரையும் சங்கம் பார்த்துக்கொள்ள வேண்டும். இதைக் கமிட்டி இன்றே தீர்மானமாக எடுக்கட்டும். தோட்ட நிர்வாகத்திடம் மாதத்தில் ஒரு நாள் வாகனம் கேட்டுக் கடிதம் கொடுங்கள்.

போகும்போது கிளினிக் கொப்பி, அடையாள அட்டை, குடிக்கும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். சீனி, பிரஷர் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள், அன்று காலை குடிக்கலாமா என்று கேளுங்கள். வில்லை ஆஸ்பத்திரியில் தருகிறார்களா, வெளியில் வாங்க வேண்டுமா என்பதை முதல் கிளினிக்கிலேயே கேட்டு எழுதி வாருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு கண்ணைக் கசக்கக் கூடாது, தண்ணீர் படக்கூடாது, சொட்டு மருந்தைச் சொன்ன கிழமைகள் முடியும்வரை விட வேண்டும், விடும் முன் கை கழுவ வேண்டும். விறகுக் கட்டுத் தூக்கக் கூடாது, அடுப்படிப் புகையில் குந்தியிருக்கக் கூடாது. சமையலை மகனோ மருமகளோ பார்க்கட்டும், மகன் பார்த்தாலும் ஒன்றும் ஆகிவிடாது. கண் சிவந்து வலி கூடினால், வந்த பார்வை மறுபடி மங்கினால், நாளைக்குப் போகலாம் என்று இருக்காதீர்கள். அன்றே, இரவானாலும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கண்ணுக்குள் கிருமி போயிருந்தால் மணித்தியாலக் கணக்கில்தான் காப்பாற்ற முடியும். பஸ் இல்லாவிட்டால் 1990 க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

பெயர்ப் பட்டியல்களை அடுத்த சம்பளத்துக்கு முன் சங்கக் காரியாலயத்தில் கொடுத்துவிடுங்கள். பின்வரிசையில் கை தூக்கிய அக்கா, உங்கள் கேள்வியை இப்போது கேளுங்கள்.